சும்மா கிடந்த மெசின்

எங்கள் ஒபிசில் அந்த அக்காவின் கண் முன்னால் எதையும் சும்மா வைக்க முடியாது. கதிரையை விட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால், திரும்பி வரும்போது அதில் வேறொருவர் இருப்பார். மழை விட்டதும் மூலையில் சாத்தி வைத்த குடை மாலையில் யாரோ ஒருவரின் கையோடு படியிறங்கிப் போகும். மனேஜர் பாதியில் மூடி வைத்த சோற்றுப் பார்சலை ஒருநாள் காவலாளி ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டால் அக்காவிடம் ஒரே பதில்தான்.

"சும்மா கிடக்குது தானே."

தனக்கென்று அவர் எதையும் எடுத்ததை நான் காணவில்லை. எனக்கு முதலில் சந்தேகம் வந்ததே அதனால்தான். தனக்காக எடுப்பவரை விளங்கிக்கொள்ளலாம். இவர் ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுத் தன்பாட்டில் போய்விடுவார். போகும்போது பறிகொடுத்தவரின் முகத்தை ஒருதரம் பார்ப்பார். எப்போது கவனிக்கப்போகிறார் என்று அளப்பது போலிருக்கும் அந்தப் பார்வை.

எங்கள் ஒபிஸ் திருகோணமலையில், உட்துறைமுக வீதிக்குப் பக்கத்தில், படகு எஞ்சின் சாமான்கள் விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. யன்னலைத் திறந்தால் டீசல் மணமும் உப்புக் காற்றும் சேர்ந்து வரும். கொழும்பில் உள்ள ஒரு காப்புறுதி நிறுவனத்தின் பெரிய கணினியை இங்கிருந்தபடியே பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. அலுமாரி அளவில் ஒரே ஒரு மெசின். ஆனால் அதற்குள்ளே பல மெசின்கள் இருப்பது போலப் பிரித்து வைத்திருந்தோம். அப்படிப் பிரித்த ஒவ்வொன்றையும் கெஸ்ட் என்போம். ஒவ்வொரு கெஸ்டுக்குள்ளும் சின்னச் சின்னக் கொன்டெயினர்கள். ஒன்று வாடிக்கையாளரின் விண்ணப்பத்தை வாங்கும், ஒன்று படங்களைச் சேமிக்கும், ஒன்று நட்டஈட்டைக் கணக்குப் பார்க்கும். கொன்டெயினர் என்றதும் என் மாமி நான் துறைமுகத்தில் பெட்டி இறக்கும் இடத்தில் வேலை செய்வதாக நெடுநாள் நினைத்திருந்தார். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

எந்தக் கெஸ்டுக்கு எத்தனை புரொசெசர், எவ்வளவு மெமரி என்று பங்கு பிரிப்பது அக்காதான். எல்லாம் கையால்தான். யாராவது அவசரமாகக் கேட்பார்கள்.

"அக்கா, என்ர கெஸ்ட் இழுக்குது. நாலு புரொசெசர் தாங்கோ."

"ரெண்டு தாறன். பிறகு பாப்பம்."

கேட்டதை முழுதாகக் கொடுத்த சரித்திரம் இல்லை. புரொசெசரையாவது அவர் கொடுப்பார், எடுப்பார். மெமரி என்றால் கை சுருங்கிவிடும். காரணம் இருந்தது. புரொசெசரைக் கொடுத்தால் வேலை முடிந்ததும் இழுத்து எடுக்கலாம். மெமரி அப்படியில்லை. கொடுத்த இடத்தில் கெஸ்ட் தன் சாமான்களைப் பரப்பிவிடும். பிறகு அந்தக் கெஸ்டை நிறுத்தினாலன்றி முழுவதையும் மீட்க முடியாது. அக்கா அதைத் தன் பாணியில் சொல்வார்: "விருந்தாளிக்குச் சோறு போடலாம். சட்டியைக் குடுத்தா அதுக்குள்ள குடும்பம் நடத்தத் தொடங்கிடுவினம்."

அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. பருத்திச் சேலை, கையில் ஆண்கள் கட்டும் பெரிய மணிக்கூடு. என்னை 'நீர்' என்பார். எப்போதாவது 'நீங்கள்' என்றால் செய்த வேலையை ஒருதரம் திரும்பச் சரிபார்ப்பேன். மரியாதை கூடினால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

மகள் பிறந்து ஐந்தாம் மாதம் நான் வேலைக்குத் திரும்பினேன். மனேஜர் என்னைக் கூப்பிட்டு, அக்கா கையால் செய்வதைத் தானாகச் செய்யும் ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார். கொன்டெயினர்களில் வேலை கூடினால் கெஸ்டுக்கு மெமரியும் புரொசெசரும் கூட வேண்டும். குறைந்தால் எடுக்க வேண்டும். யாரும் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. அது சரிவந்தால் என்னை நிரந்தரமாக்குவார்கள். சரிவராவிட்டால் ஒப்பந்தம் அந்த வருடத்தோடு முடியும். இந்த வேலைக்கு ஊரில் வேறு ஒபிஸ் இல்லை. கொழும்புக்குத்தான் போக வேண்டும். கணவர் கந்தளாயில் படிப்பிக்கிறார். கைக்குழந்தையோடு நான் மட்டும் கொழும்பில் ஓர் அறையில் இருப்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

விஷயத்தை அக்காவுக்கு நானே சொன்னேன். சொல்லாமல் விட்டால் ஒளித்தது போலிருக்கும், சொன்னால் சீண்டியது போலிருக்கும் என்று இரண்டு நாள் யோசித்த பிறகுதான் சொன்னேன்.

"நல்லம்," என்றார். "எனக்கு வேலை குறையும்."

அந்த 'நல்லம்' என்ற சொல்லை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தன் வேலையையே எடுக்க வந்தவளைப் பார்த்து ஒருவர் அவ்வளவு இலகுவாக நல்லம் என்பாரா?

அப்போதுதான் பால் குறையத் தொடங்கியது.

மகளை ஒபிசுக்குப் பின் ஒழுங்கையில் ஒரு ராத்தாவின் வீட்டில் விட்டிருந்தேன். மூதூரில் இருந்து வந்து குடியிருந்த முஸ்லிம் பெண். தன் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் இரண்டு மூன்று குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்வார். மத்தியானம் நான் போய்ப் பால் கொடுப்பேன். பின்னேரத்துக்காகக் காலையில் ஸ்டோர் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு பால் எடுத்து, சின்னப் போத்தல்களில் ஊற்றி, ஒபிஸ் பிறிட்ஜில் வைப்பேன். மத்தியானம் போகும்போது கொண்டுபோவேன்.

ஒருநாள் ஒரு போத்தல் குறைந்தது. நான்தான் பிழையாக எண்ணினேன் என்று நினைத்தேன். அடுத்த கிழமை மறுபடி ஒன்று. கணவரிடம் சொன்னேன்.

"உமக்கு நித்திரை இல்லை. வைக்காததை வைச்சதெண்டு நினைக்கிறீர்," என்றார்.

அப்படியும் இருக்கலாம். நான் அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி வருகிற ஆள். ஆகவே போத்தல் மூடிகளில் சிவப்பு நூல் கட்டினேன். நூல் கட்டிய போத்தல்களும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. இனி என்னைச் சந்தேகிக்க முடியாது. வேறு ஆளைச் சந்தேகிக்கலாம்.

ஒருநாள் அக்கா பிறிட்ஜ் கதவைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"என்ன தேடுறீங்கள் அக்கா?"

"இடம்."

"ஏதாவது வைக்கப் போறீங்களோ?"

"வைக்கத்தானே இடம் தேடுறது," என்று கதவைச் சாத்தினார். கையில் ஒன்றும் இல்லை.

கொட்டியிருப்பார் என்று முடிவு செய்தேன். சும்மா கிடக்குது தானே என்று கழுவும் தொட்டியில் ஊற்றியிருப்பார். ஆனால் நேரில் கேட்கத் தைரியம் வரவில்லை. புரோகிராமைச் சோதிக்க எனக்கு அவருடைய அனுமதி ஒவ்வொரு நாளும் தேவைப்பட்டது. ஒரு போத்தல் பாலுக்காக அதைக் கெடுத்துக்கொள்வதா என்று நினைப்பேன். ஒரு போத்தல் பாலுக்காகக்கூட வாய் திறக்காதவள் என்ன தாய் என்றும் நினைப்பேன். இரண்டும் ஒரே நேரத்தில் வரும்.

இந்த நாட்களில்தான் அந்தக் கெஸ்ட் என் கண்ணில் பட்டது. பட்டியலின் கடைசியில், பொருளில்லாத நாலெழுத்துப் பெயரோடு ஒன்று. உள்ளே ஒரு கொன்டெயினரும் இல்லை. ஒரு வேலையும் ஓடவில்லை. ஆனால் நிறைய மெமரியை வைத்துக்கொண்டு கிடந்தது.

"அக்கா, இது ஆரின்ர கெஸ்ட்?"

"ஆரின்ரயோ."

"ஒண்டும் ஓடேல்லை. சும்மா கிடக்குது தானே?"

அவருடைய வசனத்தையே நான் அவரிடம் சொல்லிவிட்டேன் என்பது சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கிடக்கட்டும். நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ."

நீங்கள்! அவ்வளவு போதும் எனக்கு. ஊர் முழுக்கச் சும்மா கிடப்பதைப் பறிக்கிறவர் இதை மட்டும் ஏன் கிடக்கட்டும் என்கிறார்? வெளியாளுக்கு ஏதாவது செய்து கொடுக்கிறாரா? உள்ளே தேடினேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதது இன்னும் கூடச் சந்தேகத்தைத் தந்தது. மனேஜருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன்.

அனுப்ப வேண்டிய தேவை வரவில்லை. என் புரோகிராமில் ஏற்கனவே ஒரு விதி இருந்தது: ஒரு கிழமை வேலை செய்யாத கெஸ்டை நிறுத்து, அதன் மெமரியைப் பசியாய் இருப்பவற்றுக்குப் பிரித்துக் கொடு. மனேஜர் சொன்ன நாளில் புரோகிராமை ஓட விட்டேன். அது அந்தக் கெஸ்டை நிறுத்திப் பங்கு போட்டது. மறுநாள் காலை அக்கா திரையைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"உம்மட புரோகிராம் கெட்டிக்காரி," என்றார்.

அவ்வளவுதான். கோபம் இல்லை, தடுக்கவும் இல்லை.

நவம்பர் மழை அந்த வருடம் விடாமல் பெய்தது. கந்தளாய்ப் பக்கம் வயல்களுக்குள் வெள்ளம் ஏறியது, பல ஊர்களில் வீடுகளுக்குள்ளும். ஒரு காலை, நாடு முழுக்க ஆட்கள் தொலைபேசியில் படம் எடுத்து நட்டஈடு கேட்டு அனுப்பத் தொடங்கினார்கள். நனைந்த மெத்தைகள், சாய்ந்த மதில், சேற்றுக்குள் மோட்டார் சைக்கிள். விண்ணப்பம் வாங்கும் கொன்டெயினர், படம் சேமிக்கும் கொன்டெயினர், கணக்குப் பார்க்கும் கொன்டெயினர், எல்லாம் ஒரே நேரத்தில் மெமரி கேட்டன. என் புரோகிராம் புரொசெசர்களை அள்ளிக் கொடுத்தது. மெமரிக்குக் கை விட்டால் ஒன்றுமில்லை. முன்பு பங்கு போட்டதைத் திருப்பிக் கேட்டது. வாங்கிய கெஸ்ட்கள் எல்லாம் அதற்குள் குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டன. ஒன்றும் விடவில்லை. கொன்டெயினர்கள் மெமரி போதாமல் செத்து விழுந்து, எழும்பி, திரும்பச் செத்தன. வெள்ளத்துக்குள் நின்று படம் அனுப்பியவர்களுக்குத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்திருக்கும்.

மனேஜர் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். "உங்கட புரோகிராம் என்ன செய்யுது?"

"கேட்டுக்கொண்டிருக்கு சேர்."

"ஆரிட்ட?"

மத்தியானம் தாண்டிவிட்டது. ராத்தா போன் எடுத்தார்.

"புள்ள அழுவுறா. நீங்க வரல்லையே. பாலும் இல்ல."

"கொஞ்சம் பொறுங்கோ ராத்தா, ஏலாமக் கிடக்கு."

"நான் பொறுப்பன். அவ பொறுக்கணுமே."

அன்று காலை பால் எடுக்கக் கதிரையை விட்டு எழும்பவே எனக்கு முடியவில்லை. பிறிட்ஜில் ஒன்றும் இல்லை. போனுக்குள் மகளின் அழுகை கேட்டது. பின்னால் மனேஜர் மூச்சு விடுவதும் கேட்டது. எழுந்து போனால் வேலை போகும். இருந்தால் பிள்ளை பட்டினி. பக்கத்து மேசையில் அக்கா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அதையும் நம்ப முடியவில்லை.

மனேஜருக்குக் கொழும்பில் இருந்து அழைப்பு வந்தது. அவர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். கதவு மூடியதும் அக்கா கோப்பையை வைத்துவிட்டுத் தன் திரையில் இரண்டு வரி தட்டினார்.

என் திரையில் மெமரி வந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை. புரோகிராம் அதைப் பிடித்து, கேட்ட கெஸ்ட்களுக்குக் கொடுத்து, கொன்டெயினர்களின் எல்லைகளை உயர்த்தியது. செத்தவை எழும்பி நின்றன.

"எங்க இருந்து அக்கா?"

"இருந்துது."

பிறகுதான் கண்டுபிடித்தேன். அவருடைய பொறுப்பில் ஒரு கெஸ்ட் ஏதோ சின்ன வேலையைச் செய்துகொண்டே இருந்தது. செய்ததோ விரற்கடை வேலை, வைத்திருந்ததோ குளம் போல மெமரி. வேலை செய்துகொண்டிருந்ததால் என் விதியின் கண்ணில் அது படவில்லை. அந்த வேலையை இன்னொன்றுக்கு மாற்றிவிட்டு அதை அவர் நிறுத்தியிருந்தார். அப்படியென்றால் நான் எடுத்த சும்மா கிடந்த மெசின் ஒரு சேமிப்பு. இது, அந்தச் சேமிப்பைக் கண்டுபிடிப்பவரும் காணாதபடி வைத்த இரண்டாவது சேமிப்பு.

அன்று மெமரியைத் தந்த கையோடு அக்கா பிறிட்ஜ் பக்கம் போனார். ஐஸ் கட்டும் மேல் தட்டைத் திறந்து, யாரோ வாங்கி வைத்த இறால் பையை விலக்கி, உள்ளே கையை விட்டு இரண்டு போத்தல்களை எடுத்துக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். பால் கல்லாய் உறைந்திருந்தது. மூடிகளில் சிவப்பு நூல்.

"இளஞ்சூட்டுத் தண்ணிக்குள்ள வையும். அடுப்பில வைக்காதையும்."

நான் போத்தலைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன்.

"அக்கா, இதை நீங்கள் எடுத்தனீங்களோ?"

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"கேட்டிருந்தா தந்திருப்பீரோ?"

தந்திருக்க மாட்டேன். ஒரு துளி கூட.

தேத்தண்ணி போடும் குசினியில் போத்தலைத் தண்ணீரில் வைத்துவிட்டு நின்றேன். வேறொருவர் எனக்குத் தெரியாமல் எடுத்து ஒளித்த பால். இடையில் கரண்ட் நின்ற நாள் உண்டா? உருகி மறுபடி உறைந்திருக்குமா? மணந்து பார்த்தேன். கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். இனிப்பாகத்தான் இருந்தது. மெமரியை வாங்கும்போது ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொண்டவள் இப்போது தொட்டிக்கு மேல் போத்தலைச் சரித்துப் பிடித்தபடி நின்றேன். ராத்தாவின் போன் மறுபடி அடித்தது. பின்னால் அழுகை இப்போது கரகரத்துக் கேட்டது. கீழே நின்ற ஓட்டோக்காரரிடம் இரண்டு போத்தல்களையும் கொடுத்து அனுப்பினேன்.

அன்று பின்னேரம் முழுக்க ராத்தாவுக்குப் போன் எடுத்தேன். குடிச்சவவோ, சத்தி எடுத்தவவோ, வயிறு எப்பிடி?

"புள்ள குடிச்சிட்டு உறங்குறா," என்றார் கடைசியில். "இனி எழும்பினா உங்கட போனாலதான்."

அடுத்த கிழமைக் கூட்டத்தில் கொழும்பில் இருந்து வந்தவர்கள், அன்று என்ன நடந்தது, எப்படிச் சரிவந்தது என்று கேட்டார்கள். நான் வாய் திறக்க முன் அக்கா சொன்னார்: "தொடக்கத்தில தடுமாறினது. பிறகு புரோகிராம்தான் குடுத்தது. நான் பக்கத்தில இருந்தனான்."

என்னை நிரந்தரமாக்கினார்கள்.

படியில் இறங்கும்போது அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் அக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"புரோகிராம் பிழைச்சதெண்டு சொன்னா, அப்ப மெமரி எங்க இருந்து வந்ததெண்டு என்னைக் கேப்பாங்கள்."

"அந்த வெறும் கெஸ்டை நான் எடுக்கேக்க ஏன் தடுக்கேல்லை?"

"தடுத்திருந்தா மனேஜரிட்டச் சொல்லியிருப்பீர்."

"இல்லை அக்கா."

அவர் சிரித்தார். அனுப்பாத மின்னஞ்சலைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இருந்தாலும் அன்றே போய் அதை அழித்தேன்.

"நீர் ஒருத்தருக்கும் சொல்லப் போறதில்லை," என்றார். கேள்வியா, கட்டளையா என்று விளங்கவில்லை. "நானும் சொல்லேல்லை."

இது அன்பா? இன்றுவரை எனக்குத் தெரியாது. மனேஜர் ஒருமுறை, அக்கா சம்பூர் ஆள், சண்டைக்குள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்தவர்களுக்கு ஒளித்து வைக்கும் பழக்கம் வரும் என்று விளக்கம் சொன்னார். என் மாமியும் சம்பூர்தான், அதே பாதையால் ஓடி வந்தவர்தான். அவர் வீட்டில் நாளைக்கென்று ஒரு பிடி அரிசி மிஞ்சாது. வந்தவர் போனவருக்கெல்லாம் கொடுத்துவிடுவார். ஆகவே அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. அக்காவிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் பாதிதான் தருவார் என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு நான் ஐஸ் பெட்டி வாங்கி, பாலைக் காலடியில் வைத்துக்கொண்டேன். அக்கா அதைக் கண்டார். இரண்டு வருடம் அருகருகே மேசை போட்டு வேலை செய்தோம். பிறகு ஒருநாள் மகனோடு இருக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வேலையை விட்டார். எந்த ஊர் என்று கேட்டதற்குத் "தூரம்" என்றார். அவருடைய வேலை என்னிடம் வந்தது.

அவர் போன கிழமை பிறிட்ஜைத் துப்புரவாக்கினோம். மேல் தட்டில் ஐஸ் மலையாய்க் கட்டியிருந்தது. கரண்டை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து, உருக விட்டேன். மத்தியானம் பார்த்தபோது ஐஸ் விலகிய பின்சுவரில் ஒரு போத்தல் ஒட்டிக்கொண்டு நின்றது. மூடியில் சிவப்பு நூல், நிறம் மங்கிப் போய். என் மகள் அப்போது சோறு சாப்பிட்டுப் பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அன்று இரண்டு போத்தலைத் தந்த நேரத்தில் மூன்றாவது ஒன்று இருப்பதை அவர் சொல்லவே இல்லை.

பாலைத் தொட்டியில் ஊற்றினேன். போத்தலைக் கழுவிக் கவிழ்த்தேன். பிறகு கதிரையில் வந்து இருந்து, கெஸ்ட் பட்டியலை முதலாவதில் இருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தொடங்கினேன். இன்னும் மூன்றாவதைக் கண்டுபிடிக்கவில்லை.